ரங்கூன் அரிசி

நம் பாட்டன்மார் காலத்தில் ரங்கூன் அரிசி என்று பேர் வாங்கிய அரிசி ரங்கூனில் விளைந்ததல்ல. ஐராவதி ஆறு பல கிளைகளாகப் பிரிந்து கடலில் விழுகிற கடைமடையில், பியாபோன், மௌபின், மியாங்மியா, பாசீன் மாவட்டங்களின் களிமண்ணில் விளைந்தது. ரங்கூன் அது கப்பலேறிய துறை. துறையின் பேர் நிலைத்தது. சேற்றில் நின்றவனின் ஊர்ப்பேர் நமக்குத் தெரியாமலே போயிற்று. அந்த நெல் போன வழியைப் பிடித்துக்கொண்டு போனால், பர்மா எப்படி ஆட்களால் நிறைந்தது, எப்படிச் செழித்தது, ஏன் நலிந்தது என்று மூன்றும் தெரியவரும்.

பர்மிய அரசர்கள் காலத்தில் அரிசியை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை இருந்தது. மழை குறைந்த மேல் பர்மாவுக்குக் கைகொடுக்கும் நெல் அது. நாட்டைவிட்டுப் போகக் கூடாது என்பது அரச நீதி. கடைமடையில் பெரும்பகுதி அப்போது காடு. கனசோ மரம், ஆளுயரப் புல், வெள்ளம், மலேரியா. 1852இல் நடந்த இரண்டாம் ஆங்கிலோ-பர்மியப் போரில் பிரிட்டிஷார் கீழ் பர்மாவைப் பிடித்தார்கள், தடை போயிற்று. 1861இல் தொடங்கிய அமெரிக்க உள்நாட்டுப் போர், ஐரோப்பாவுக்குப் போய்க்கொண்டிருந்த கரோலினா அரிசியை நிறுத்தியது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. நெல்லுக்கு விலை கிடைக்கும் என்ற சேதி ஆற்றோடு மேலேறிப் போயிற்று.

மேல் பர்மாவிலிருந்து குடும்பம் குடும்பமாக இறங்கி வந்தார்கள். மரத்தை வெட்டி, புல்லை எரித்து, காய்ச்சலில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, காட்டைக் கழனியாக்கினார்கள். 12 ஆண்டு விடாமல் உழுது வரி கட்டினால் நிலம் உழுதவனுக்கே உரிமை என்றது 1876ஆம் ஆண்டுச் சட்டம். 1850களில் ஏழெட்டு லட்சம் ஏக்கராக இருந்த கீழ் பர்மாவின் நெல் நிலம் 1930களில் 80 லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்தில் இவ்வளவு விரைவாக உருவான நெல் நாடு அபூர்வம். அதை உருவாக்கியவை அந்தக் குடும்பங்களின் கைகளே.

அந்த நெல் நடந்த வழி இது. மழை இறங்கியதும் எருமை பூட்டி உழவு, நாற்றங்கால், ஆடி ஆவணியில் நடவு. ஒரே போகம். கார்த்திகைக்குப் பின் அறுவடை. களத்தில் அளந்தது கூடைக் கணக்கில். ஒரு கூடை 46 பவுண்டு, நம் கணக்கில் ஏறக்குறைய 21 கிலோ. தரகர் களத்துக்கே வந்து விலை பேசுவார். நெல் படகேறி, ஓதம் பார்த்து ஓடைகளில் மிதந்து, ரங்கூனின் பசுன்டாங் ஓடைக்கரை ஆலைகளுக்கு வந்து சேரும். அந்த ஆலைகளுக்கு நிலக்கரி தேவைப்படவில்லை. நெல்லின் உமியே கொதிகலனை எரித்தது. நெல் தன்னைத் தானே அரைத்துக்கொண்டது என்றே சொல்லலாம்.

தொடக்கத்தில் அது முழு அரிசியாகப் போகவில்லை. ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப் போகும் நெடும்பயணத்தில் தீட்டிய அரிசி கெட்டுவிடும் என்பதால், உமி நீக்கிய அரிசியோடு கொஞ்சம் நெல்லும் கலந்து ஏற்றினார்கள். லண்டன், லிவர்பூல், பிரேமன் ஆலைகளில் அதைத் தீட்டினார்கள். அங்கே அது சோறானதைவிடக் கஞ்சிப்பசையும் மதுவும் மாட்டுத் தீவனமுமானது அதிகம். கால்வாய் திறந்த பிறகு ரங்கூனிலேயே தீட்டி அனுப்பினார்கள். புழுங்கல் அரிசி இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலாயா ரப்பர் தோட்டங்களுக்கும் போயிற்று. அங்கே லயத்தில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளியின் பானையில் வெந்தது இந்தக் கடைமடை நெல்தான். 1850களின் நடுவில் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் டன் அளவில் கப்பலேறியது, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டுகளில் 30 லட்சம் டன்னை எட்டியது. உலகிலேயே அதிக அரிசி ஏற்றுமதி செய்த நாடு அன்று பர்மாதான்.

நெல் வெளியே போக, ஆட்கள் உள்ளே வந்தார்கள். தெலுங்குக் கரையிலிருந்து மேஸ்திரிகள் கூட்டிவந்த கூலிகள் ஆலையிலும் துறைமுகத்திலும் மூட்டை சுமந்தார்கள். தமிழர்கள் வயலிலும் ஆலையிலும் உழைத்தார்கள். சீனர்கள் ஊருக்கு ஊர் கடை வைத்தார்கள். பிரிட்டிஷ் கம்பெனிகள் பெரிய ஆலைகளையும் கப்பல்களையும் வைத்திருந்தன. 1931 கணக்கெடுப்பில் பர்மாவின் 1.46 கோடிப் பேரில் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள். ரங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்கள். பர்மியர் தம் தலைநகரத்திலேயே சிறுபான்மை ஆனார்கள். பர்மாவில் அதிகாரியாக இருந்து அந்த மக்களோடே வாழ்ந்த ஃபர்னிவால் என்ற அறிஞர் இதைக் கண்டு வருந்தி எழுதினார்: இந்தச் சமூகத்தில் பல இனங்கள் அருகருகே வாழ்கின்றன, ஆனால் சந்தையில் மட்டுமே சந்திக்கின்றன. நெல்லைப் பற்றிய எந்தக் கணக்கையும்விட அந்தக் கூற்று கனமானது.

நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் பங்கைச் சொல்லாமல் இந்தக் கதை நேர்மையாகாது. காட்டை வெட்டுகிறவனுக்கு ஏர் வாங்க, மாடு வாங்க, அறுவடை வரை அடுப்பெரிக்கப் பணம் வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் அவன் குடிசைக்கு வரவில்லை. செட்டியார்கள் போனார்கள். ரங்கூன் மொகல் தெருக் கிட்டங்கியில் தொடங்கி, கடைமடையின் உள்ளூர்கள்வரை விலாசம் என்று அவர்கள் சொல்லும் வட்டிக்கடைகள் நடந்தன. பெட்டியடிப் பையனாகப் போனவன் அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்றாண்டுக் கணக்கு முடித்து ஊர் திரும்பினான். 1930இல் பர்மா வங்கி விசாரணைக் குழு எண்ணியபோது 1,600க்கும் மேற்பட்ட செட்டியார் கடைகள் இருந்தன. 75 கோடி ரூபாய் முதல் புரண்டது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களில் இந்தக் கழனியின் வட்டியும் கலந்திருக்கிறது.

உலகப் பொருளாதாரச் சரிவு 1930இல் நெல்லைத் தாக்கியது. அடுத்த ஆண்டுக்குள் விலை ஏறக்குறைய பாதியானது. கடன் மட்டும் பாதியாகவில்லை. முதலும் வட்டியும் கட்ட வழியில்லாத உழவர்களின் நிலம் அடமானத்திலிருந்து கைமாறியது. 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்கு நிலம் செட்டியார்கள் கையில் இருந்தது. 1938இல் 25 பங்கு. அவர்கள் விரும்பியது நிலத்தை அல்ல, பணத்தைத்தான். வசூலிக்க முடியாத கடன் மண்ணாக மாறி அவர்கள் மடியில் விழுந்தது. ஆனால் பாட்டன் வெட்டிய காட்டில் பேரன் குத்தகைக்காரனாக நின்றபோது, அந்த நியாயம் அவன் வயிற்றை நிறைக்கவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்களுக்கும் பர்மியத் தொழிலாளர்களுக்கும் இடையே கலவரம் வெடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் தாராவதியில் சாயா சான் தலைமையில் உழவர்கள் கிளர்ந்தெழுந்தார்கள். அரசு அவரைத் தூக்கிலிட்டது.

1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்தது. நாலைந்து லட்சம் இந்தியர்கள் கடலிலும் காட்டுவழியிலும் இந்தியாவுக்கு ஓடிவந்தார்கள். வழியில் மடிந்தவர்கள் பல்லாயிரம். அரிசிக் கப்பல் நின்றது. அந்த நெல் எவ்வளவு வயிறுகளைத் தாங்கியிருந்தது என்பது அது வராதபோதுதான் தெரிந்தது. திருவிதாங்கூர் மக்கள் மரவள்ளிக் கிழங்கில் உயிர் பிடித்தார்கள். 1943 வங்கப் பஞ்சத்துக்குப் பல காரணங்கள் உண்டு. பர்மா அரிசி நின்றது அவற்றில் ஒன்று.

1948இல் விடுதலை. நில அரசுடைமைச் சட்டம் அந்த ஆண்டே வந்தது. செட்டியார்களின் நிலம் போயிற்று. தக்க இழப்பீடு வரவில்லை. உழுதவனுக்கு வயல் கிடைத்தது. விலை கிடைக்கவில்லை. அரசின் வேளாண் விற்பனை வாரியம் நெல்லைக் குறைந்த விலைக்கு எடுத்து, வெளிநாட்டுச் சந்தையில் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வித்தியாசத்தில் அரசாங்கத்தை நடத்தியது. 1962இல் ஆட்சியைப் பிடித்த நே வின் 1964இல் வணிகத்தையெல்லாம் அரசுடைமையாக்கினார். இந்தியர்கள் லட்சக்கணக்கில் வெறுங்கையோடு கப்பலேறினார்கள். சென்னைக் கடற்கரைச் சாலையின் பர்மா பஜாரும், அங்கே விற்கும் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸும் அவர்கள் ஊன்றிய வேர். விலை இல்லாத உழவன் அதிகம் விளைவிப்பானேன்? ஏற்றுமதி சில லட்சம் டன்னாகச் சுருங்கியது. 1974இல் ரங்கூன் தொழிலாளர்கள் அரிசித் தட்டுப்பாட்டை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தபோது ராணுவம் சுட்டது. உலகத்துக்குச் சோறு போட்ட நாட்டை 1987இல் ஐ.நா. மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டு மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

உழவன் அரசுக்குக் கட்டாயமாக நெல் அளக்கும் முறை 2003இல்தான் ஒழிந்தது. 2008 மே மாதம் நர்கீஸ் புயல் அதே கடைமடையில் ஏறியது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 1,38,000 பேர். உயிர் பிழைத்தவர்கள் உப்பேறிய வயலை மறுபடி உழுதார்கள். 2011இல் அந்த நாட்டின் பாவ் சான் அரிசி உலகின் சிறந்த அரிசி என்ற விருதைப் பெற்றது. ஏற்றுமதி மீண்டும் 20 லட்சம் டன்னைக் கடந்தது. 2021இல் ராணுவம் மறுபடி ஆட்சியைப் பிடித்தது. 2024இல் கட்டாயப் படைச்சேவை வந்ததும் இளைஞர்கள் தாய்லாந்துக்குத் தப்பி ஓடினார்கள். கடல் தாண்டி ஆளை அழைத்த வயல், இன்று தன் பிள்ளைகளையே கூலிக்கு அனுப்புகிறது.

பர்மியர் ஒருவரையொருவர் பார்த்ததும் கேட்பது, சோறு சாப்பிட்டாயா என்றுதான். நம் வீட்டுத் திண்ணையில் கேட்கும் அதே கேள்வி. நெல் அறுத்த ஈரத்தில் அவர்கள் விதைக்கிற உளுந்து இன்றும் கப்பலேறிச் சென்னைக்கு வருகிறது. நம் இட்லி மாவில் அது இருக்கிறது. பயணம் முடியவில்லை. இந்த நெல்லின் வரலாற்றில் எனக்குத் தெளிவாகத் தெரிவது ஒன்று. ஆலைக்காரன், கடன் கொடுத்தவன், ராணுவ அரசு என்று விலை சொல்லும் வாய் மாறி மாறி வந்தது. விளைவித்தவன் வாய் மட்டும் ஒரு நாளும் விலை சொல்லவில்லை. அவன் கேட்ட விலை அவனுக்குக் கிடைக்கும் நாளில்தான் அந்த நாடு மீளும்.