மட்டக்களப்பு உடன்படிக்கையும் துறைத்தெரிவும்

சருவதேச விவகாரங்களைப் பட்டமேற்படிப்பாகக் கற்க விழையும் மாணவன் முதலில் எதிர்கொள்ளும் வினா, எதனைத் தன் சிறப்புத்துறையாகக் கொள்வது என்பதாகும். ஒரு பிராந்தியத்தையா, அன்றிச் சட்டம், பொருளாதாரம், பாதுகாப்பு என்பன போன்றதொரு பொருட்டுறையையா? வேலைவாய்ப்பு ஒன்றையே அளவுகோலாகக் கொண்டு இதற்கு விடை காண்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. வரலாறு தரும் விடை வேறு. அதனைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டியதில்லை. வாவிக்கும் வங்கக் கடலுக்கும் இடைப்பட்ட ஆரையம்பதியிலிருந்து வடக்கே சில மைல் சென்றால், புளியந்தீவிலுள்ள கோட்டையை அடையலாம்.

போர்த்துக்கேயர் 1628இல் எழுப்பிய அக்கோட்டையை, 1638 மே 18ஆம் நாள் ஒல்லாந்தரும் கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனும் ஒன்றிணைந்து கைப்பற்றினர். ஐந்து நாட்களின் பின்னர், மே 23ஆம் நாள், தளபதி வெஸ்டர்வோல்டும் மன்னனும் மட்டக்களப்பில் உடன்படிக்கை ஒன்றிற் கைச்சாத்திட்டனர். போர்ச் செலவை மன்னன் கறுவா முதலிய விளைபொருள்களாகச் செலுத்துவான். கைப்பற்றப்படும் கோட்டைகளில் ஒல்லாந்தர் காவற்படை நிறுத்துவர். இவை அதன் முக்கிய விதிகளுட் சில. ஆயின், மன்னனிடமிருந்த போர்த்துக்கேய மொழிப் படியில், மன்னன் விரும்பினால் மட்டுமே காவற்படை நிறுத்தப்படும் என்னும் நிபந்தனை இருந்தது. ஒல்லாந்த மொழிப் படியில் அது காணப்படவில்லை. 1640இல் நீர்கொழும்பும் காலியும் வீழ்ந்தபோது, அக்கோட்டைகள் யாருக்குரியன என்னும் பிணக்கு முற்றியது. இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கிய கதை என இந்நாட்டில் வழங்கும் பழமொழி இந்நிகழ்ச்சியையே சுட்டுவதாகப் பலரும் கொள்வர்.

இவ்வுடன்படிக்கையை விளங்கிக்கொள்ள எத்துறை வேண்டும்? சட்டம் மட்டும் கற்றவன் விதிகளை ஆராய்வான். ஆயின் இரு படிகளையும் ஒப்புநோக்க மொழியறிவு இன்றி அவனால் இயலாது. மொழி மட்டும் கற்றவன் விடுபட்ட சொற்றொடரைக் காண்பான். ஐரோப்பியச் சந்தையிற் கறுவா பெற்ற விலைமதிப்பை அறியானாயின், அது ஏன் விடுபட்டது என்பதை உணரான். ஒரு வினாவுக்குப் பல துறைகள் தேவைப்படுகின்றன. எனினும், ஒருவன் தன் வாழ்நாளில் அனைத்தையும் கற்றல் இயலாது. தெரிவு இன்றியமையாததாவது இங்கேதான்.

இக்கல்வித்துறை தோன்றிய வரலாறும் இவ்விடர்ப்பாட்டையே காட்டுகின்றது. முதலாம் உலகப் போரின் அழிவைக் கண்டபின், 1919இல் வேல்சு நாட்டின் அபெரிஸ்ட்வித்தில் சருவதேச அரசியலுக்கெனப் பேராசிரியர் பதவி நிறுவப்பட்டது. போரைத் தவிர்ப்பது எவ்வாறு என்னும் பொது வினாவே அதன் அடித்தளம். 1955இல் புதுதில்லியில் இந்திய சருவதேசக் கல்விக் கழகம் தோன்றியபோது, புதிதாக விடுதலை பெற்ற ஆசிய நாடுகளை அறியவேண்டிய தேவை எழுந்திருந்தது. எனவே பிராந்தியக் கல்வி அங்குச் சிறப்பிடம் பெற்றது. அதன் முதல் இயக்குநரான அ. அப்பாதுரை, கி.பி. 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையை ஆராய்ந்து 1936இல் நூல் வெளியிட்டவர் என்பது நாம் கருதத்தக்கது. ஒரு மண்ணின் வரலாற்றில் ஆழ்ந்தமை, உலகை நோக்குவதற்கு அவருக்குத் தடையாகவில்லை.

நம் காலத்துக்கு நெருங்கிய சான்று ஒன்றும் உண்டு. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973 முதல் 1980இல் மறையும்வரை தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க. 1982இல் நிறைவுற்ற அம்மாநாட்டின் இறுதி ஆவணத்தில், வங்கக் கடலின் தென்பகுதிக்கென ஒரு சிறப்பு இணக்கக் குறிப்பு இடம்பெற்றது. அப்பகுதியிற் கண்டவிளிம்பின் எல்லையைக் கடலடி வண்டற்பாறையின் தடிப்பைக் கொண்டு வரையறுக்க அது வழி வகுத்தது. அதனடிப்படையில் இலங்கை 2009இல் தன் உரிமைக் கோரிக்கையைச் சமர்ப்பித்தது. கங்கையும் பிரமபுத்திராவும் கொணர்ந்து குவித்த வண்டல், இவ்வாறு இந்நாட்டின் உரிமைக்கு ஆதாரமாயிற்று. ஆரையம்பதிக் கரையில் நின்று நாள்தோறும் நாம் காணும் கடல் இதுவே. அதன் அடித்தளத்தை அறிந்தவரும் சட்டத்தை அறிந்தவரும் ஒன்றுகூடியிராவிடின், இக்கோரிக்கை எழுந்திராது.

ஆகவே, துறைத்தெரிவில் வினாவே முதலில் நிற்றல் வேண்டும் என்பது என் கருத்து. நம்மை உறங்கவிடாத வினா எது என அறிந்தபின், அது பிறந்த பிராந்தியத்தின் வரலாற்றையும் மொழிகளையும் கற்றல் வேண்டும். அதன்பின் அவ்வினாவுக்கு ஏற்ற பொருட்டுறை ஒன்றைக் கருவியாகக் கொள்ளலாம். பட்டம் பெற்றால் யாது தொழில் கிடைக்கும் என நம் பெற்றோர் கேட்பது நியாயமே. வறுமையும் போரும் 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் கண்ட ஊரில், அக்கேள்வியை எள்ளி நகைக்க எவருக்கும் உரிமையில்லை. ஆயினும், இன்று மதிப்புள்ள துறை நாளை மதிப்பிழக்கக்கூடும். மூலத்தைப் படித்து, இரு படிகளை ஒப்பிட்டு, விடுபட்ட சொல்லைக் கண்டுகொள்ளும் பயிற்சி எக்காலத்தும் பயன்தரும்.

1638இல் மன்னனின் அவையில் ஒல்லாந்த மொழிப் படியையும் வாசித்தறியவல்ல ஒருவர் இருந்திருப்பின், வரலாறு வேறு வழியிற் சென்றிருக்கும் என அறுதியிட்டுக் கூறவியலாது. ஆயினும் மன்னன் தான் ஒப்பமிடுவது யாது என்பதையேனும் அறிந்திருப்பான். இனிவரும் உடன்படிக்கைகளை வாசிக்கவேண்டியவர்கள் இன்று நம் விரிவுரை மண்டபங்களில் அமர்ந்திருக்கும் மாணவர்களே.