வேலைக்கு அழைத்த ஒலி

மாவனல்லையைச் சூழ்ந்த தோட்டங்களில் விடியுமுன் தப்பு முழங்கிய காலம் ஒன்று இருந்தது. தொழிலாளரைப் பிரட்டுக்களத்துக்கு அழைத்த முழக்கம் அது. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து மக்களோடு வந்த அக்கருவியைத் தோட்டம் ஏவலுக்குப் பயன்படுத்திற்று. மக்களோ அதனைத் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் விடாது வைத்துக்கொண்டனர். வேலை ஏவும் ஒலியே பாட்டாவதும் உண்டு என்பதற்குக் கணிப்பொறியின் வரலாறும் சான்று தருகிறது என்றால், நேயர்கள் வியப்படையக்கூடும்.

சிட்னி நகரில் 1949இல் இயங்கத் தொடங்கிய சிசிராக் என்னும் கணிப்பொறியோடு ஓர் ஒலிபெருக்கி இணைக்கப்பட்டிருந்தது. கணக்கு எவ்விடத்தை அடைந்தது என்று இயக்குபவருக்கு அறிவிப்பதே அதன் கடமை. ஒவ்வொரு மின்துடிப்புக்கும் 'டக்' என்றொரு ஓசை, அவ்வளவுதான். ஜெஃப் ஹில் என்பவர் அத்துடிப்புகளைச் சீரான இடைவெளியில், மிக நெருக்கமாக அனுப்பினார். ஓசைகள் ஒன்றோடொன்று கலந்து சுரமாயின. 1951 ஆகஸ்டில் சிட்னியில் கூடிய கணிப்பொறி மாநாட்டில் 'கர்னல் போகி' என்ற அணிவகுப்பு மெட்டை அப்பொறி இசைத்தது. அந்த இசை பதிவு செய்யப்படவில்லை. அதே ஆண்டில் மான்செஸ்டர் கணிப்பொறி இசைத்ததையோ பிபிசி பதிவு செய்து வைத்தது. ஆகவே அதனை இன்றும் கேட்கலாம். வானொலியின் பெருமையை இங்கே சொல்லாமல் விட மனம் வருவதில்லை.

பின்னர் வந்த துணைக்கருவிகள் பேசவென்று அமைந்தவையல்ல; இயங்கும்போது இரைச்சலிட்டவை. 1990களின் இறுதியில் கனடாவின் மொன்றியல் கலைஞர் இருவர், வழக்கொழிந்த புள்ளி அச்சுப்பொறிகளை ஒன்றாக இணைத்து ஒரு வாத்தியக் குழுவையே அமைத்தனர். போலந்து நாட்டுப் பொறியியலாளர் பாவெல் சத்ரோஸ்னியாக், ஃபிளாப்பி எனப்படும் நெகிழ்வட்டுப் பெட்டிகளை 2011இல் பாடவைத்தார். அப்பெட்டியினுள் வட்டைப் படிக்கும் தலையை ஒரு சிறு மோட்டார் அடியடியாக நகர்த்துகிறது. நொடிக்கு 220 அடிகள் நகர்ந்தால் 220 அதிர்வுகள். அடிகளின் வேகம் கூடக்கூடச் சுரம் ஏறும். வீணைக்கு மெட்டு எப்படியோ, இதற்கு மோட்டாரின் வேகம் அப்படி.

2022இல் அவர் அமைத்த மூன்றாம் 'ஃபிளாப்போட்ரான்' 512 நெகிழ்வட்டுப் பெட்டிகளையும், 16 வன்தட்டுகளையும், 4 வருடுபொறிகளையும் கொண்டது. இத்தனை பெட்டிகள் எதற்கு? தனிப் பெட்டி ஒன்றின் ஒலியை உரப்பவோ தணிக்கவோ இயலாது. தப்படிப்பவர் கையைத் தளர்த்தி முழக்கத்தை அடக்குவார். இங்கோ, பல பெட்டிகள் சேர்ந்து எழுப்பும் சுரம் தேய வேண்டுமானால், அவற்றை ஒவ்வொன்றாக நிறுத்த வேண்டியிருக்கிறது.