சேன் நதியில் சேர்ந்த சித்திரங்கள்

கார்ட்டூன் படத்தைச் சினிமாவின் குழந்தையாக எண்ணுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆனால் 1892-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் தேதி, பாரிஸ் நகரத்துக் கிரெவேன் மெழுகுச்சிலைக் காட்சிசாலையில், கையால் வரைந்த வர்ணச் சித்திரங்கள் திரைமேல் நடந்தும் ஓடியும் காதல் பேசியும் கூடியிருந்தோரை மகிழ்வித்தபோது, லூமியேர் சகோதரர்கள் அதே நகரில் கட்டணம் வாங்கித் தம் சலனப் படங்களைக் காட்டுவதற்கு இன்னும் மூன்று ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. வயதில் மூத்தது சித்திரமே. காமிராவுக்கு முன்பே அது நடக்கக் கற்றுக்கொண்டுவிட்டது.

அதை நடக்கக் கற்பித்தவர் எமில் ரேய்னோ. தகப்பனார் பதக்கம் செதுக்குபவர். தாயார் நீர்வர்ணம் தீட்டுவதில் தேர்ந்தவர். ஆகவே யந்திரத்தின் நுட்பமும் தூரிகையின் நயமும் பிறந்த வீட்டிலேயே அவருக்குக் கைவந்தன. 1877-இல் அவர் செய்த பிராக்ஸினோஸ்கோப் என்னும் விளையாட்டுப் பொருளில், சுழலும் வட்டப் பெட்டியின் உட்புறம் பன்னிரண்டு சித்திரங்கள் வரிசையாக இருக்க, நடுவே நின்ற பன்னிரண்டு சிறு கண்ணாடிகளில் அவற்றின் பிரதிபிம்பங்கள் ஒன்றன் இடத்தில் ஒன்றாகத் தோன்றி, கயிறு தாண்டும் சிறுமி ஓயாமல் தாண்டிக்கொண்டே இருப்பாள். முந்தைய கருவிகளில் இடுக்கு வழியே பார்த்ததால் வந்த மங்கல் இதில் இல்லை. ஆனால் பன்னிரண்டு சித்திரத்தில் கதை சொல்ல முடியாது. ஒரு சுற்றில் முடிந்து, அதே சுற்று மறுபடியும் வரும். அந்த வட்டத்தை உடைத்து நீளமாக்க வேண்டும் என்ற ஆசையே 1888-இல் அவர் உரிமைப் பட்டயம் பெற்ற 'ஒளி நாடக மேடை'யாக உருவெடுத்தது.

அதன் அமைப்பைச் சற்று நின்று பார்க்கவேண்டும். சதுரமான ஜெலட்டின் தகடுகளில் ஒவ்வொன்றாக உருவங்களைத் தீட்டி, அவற்றை நீண்டதொரு பட்டையாக இணைத்து, இரண்டு பெரிய சுருள்களில் சுற்றினார். படத்துக்குப் படம் இடையே ஒரு துளை. அத்துளையில் சக்கரத்தின் முனைகள் பொருந்திப் பட்டையை நழுவவிடாமல் இழுத்துச் செல்லும். உருவத்தைச் சுற்றிலும் கறுப்புப் பூசியிருந்தமையால் உருவம் மாத்திரமே திரையில் விழ, இன்னொரு விளக்கு அசையாத தோட்டத்தையும் மதிலையும் பின்னணியாகக் காட்டிற்று. 'பாவம் பியரோ' என்ற கதைக்கு 500 சித்திரங்கள், 36 மீட்டர் பட்டை. காதலியின் வீட்டு முற்றத்துக்குப் பாட வந்த பியரோவை, ஒளிந்திருந்த போட்டியாளன் ஆர்லெக்கீன் தடியால் அடிக்கும் இடத்தில் மின்காந்தம் ஒன்று இயங்கி, அடியின் ஓசையையும் அதே க்ஷணத்தில் எழுப்பியது என்றால், அம்மனிதரின் சிரத்தைக்கு வேறு சாட்சி எதற்கு?

இதிலே ஆச்சரியம் ஒன்று உண்டு. விநாடிக்குப் பதினாறு என்ற கணக்கில் ஓட்டினால் 500 சித்திரங்கள் அரை நிமிஷத்தில் தீர்ந்துபோகும். ரேய்னோவின் கதையோ பன்னிரண்டு, பதினைந்து நிமிஷம் நடந்தது. திரைக்குப் பின்னே தாமே நின்று, இரு கைகளாலும் சுருள்களை முன்னும் பின்னுமாகத் திருப்பி, பியரோ தயங்கவேண்டிய இடத்தில் தயங்கவைத்து, சிரிப்பு எழுந்தால் அது அடங்கும்வரை காத்திருந்து, வீணை வாசிப்பவன் தந்தியை நிதானிப்பதுபோல் அவர் காலத்தை நிதானித்தார். 1900 வரை ஏறக்குறைய 12,800 காட்சிகள், ஐந்து லட்சம் ஜனங்கள்! அக்கையின் பிரயாசையை எண்ணிப் பார்க்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

காமிரா பிடித்த சினிமா வந்தபின் கையால் தீட்டிய சித்திரத்தைக் கேட்பாரில்லை. வறுமையும் மனக்கசப்பும் முற்றிய ரேய்னோ தம் கருவியைத் தாமே உடைத்து, தீட்டிய பட்டைகளில் பெரும்பாலானவற்றைச் சேன் நதியில் எறிந்துவிட்டு, 1918 ஜனவரியில் ஆதரவற்றோர் இல்லம் ஒன்றில் கண்மூடினார்.

அதற்குள் காமிராவைச் சித்திரத்துக்கு ஏவலாளாக்கியவர்கள் தோன்றிவிட்டார்கள். 1908-இல் அதே பாரிஸில் எமில் கோல் 700 சித்திரங்கள் வரைந்து ஒவ்வொன்றையும் இருமுறை படம்பிடித்தும், 'பாண்டஸ்மகோரி' இரண்டு நிமிஷம்கூட ஓடவில்லை. 1914-இல் அமெரிக்காவில் வின்ஸர் மெக்கே, கெர்ட்டி என்ற டைனோசருக்காகப் பின்னணி மலையைக்கூட ஒவ்வொரு தாளிலும் மறுபடி மறுபடி வரைவித்தார். ஒளி ஊடுருவும் செல்லுலாய்டு தகட்டில் உருவத்தைத் தனியே வரைந்து பின்னணிமேல் வைக்கும் முறைக்கு ஏர்ல் ஹர்ட் உரிமை கோரியதும் அவ்வாண்டேதான். உருவம் வேறு, பின்னணி வேறு என்ற அந்த யோசனை ரேய்னோவின் இரண்டு விளக்குகளில் முன்பே இருந்தது.

பொறுமையில் ரேய்னோவுக்கு உடன்பிறந்தவள் என்று நான் கருதுவது பெர்லின் நகரத்து லோட்டே ரைனிகரை. கத்தரிக்கோலே அவளுக்குத் தூரிகை. பணவீக்கத்துக்கு அஞ்சிப் படச்சுருளாக வாங்கி அடுக்கிவைத்திருந்த லூயி ஹாகன் என்ற வங்கியாளர், பாட்ஸ்டாமில் தம் கார்க்கொட்டகையின் மேல்மாடியை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தார். 1923 முதல் 1926 வரை, கூரை தாழ்ந்த அந்த அறையில், பழைய கார் ஒன்றின் ஆசனத்தில் முழந்தாளிட்டபடி, அடியிலிருந்து ஒளி பாயும் கண்ணாடிப் பலகைமேல் அவள் குனிந்திருந்தாள். கறுப்பு அட்டையிலும் மெல்லிய ஈயத் தகட்டிலும் வெட்டி, மூட்டுக்கு மூட்டுக் கம்பியால் பிணைத்த பாவைகளை மயிரிழை மயிரிழையாக நகர்த்த, கணவர் கார்ல் கோக் மேலிருந்த காமிராவால் ஒவ்வொரு நிலையையும் படம்பிடித்தார். 'இளவரசன் அஹமத்' அறுபத்தைந்து நிமிஷக் கதை. சுமார் 96,000 படங்கள். முகமே தெரியாத கருநிழல்தான். ஆயினும் அந்த இளவரசி பாரி பானு தலை சாய்க்கும் சாய்ப்பில் நாணமும் அச்சமும் பிரித்தறியும்படி நிற்கின்றன. இதனினும் முந்தியதாக, 1917-இல் அர்ஜென்டினாவில் கிரினோ கிறிஸ்டியானி முழுநீளச் சித்திரப் படம் எடுத்ததுண்டு, அது தீக்கிரையாயிற்று. அஹமத்தின் மூலச் சுருளும் 1945-இல் பெர்லின் யுத்தத்தில் அழிந்தது. லண்டனில் தங்கியிருந்த பிரதி ஒன்றைக்கொண்டே 1999-இல் அதன் வர்ணச் சாயங்களோடு படத்தை மீட்டார்கள்.

ரேய்னோவின் நாடகப் பட்டைகளில் நதிக்குத் தப்பியவை இரண்டே. அவற்றில் 'பாவம் பியரோ'வை இக்காலத்தார் படச்சுருளில் பெயர்த்திருக்கிறார்கள். முற்றமும் மதிலும் பியரோவின் வெள்ளையுடையும் அப்படியே இருக்கின்றன. ஆனால் இப்போது அது நான்கு நிமிஷத்தில் முடிந்துவிடுகிறது. எஞ்சிய பத்து நிமிஷமும் சுருளைத் திருப்பிய அந்தக் கைகளில்தான் இருந்தது.