மாட்டுவண்டிப் பாரமும் பாய்மரப் படகும்



மெல்பர்னில் குடியேறிவிட்ட என் பழைய மாணவர் ஒருவர் சிறிய பாய்மரப் படகு ஒன்றை விலை பேசிக்கொண்டிருக்கிறார். "வீட்டில் இருக்கிற சின்ன காரே இழுக்குமா சார், வேறு வண்டி வாங்கணுமா?" என்று கேட்டிருந்தார். அந்தக் காரில் மனைவியும் இரண்டு குழந்தைகளும் போவார்கள் என்பதால் ஒரு வரியில் பதில் சொல்ல மனம் வரவில்லை. இந்தப் படகு எப்படிச் சாலைக்கு வந்தது என்று தெரிந்துகொண்டால் பதிலும் தானாக வந்துவிடும்.

பாய்மரப் படகு காற்றில் கவிழாமலும் பக்கவாட்டில் நழுவாமலும் இருக்க, அடியில் 'கீல்' என்ற கனமான பாகம் ஆழமாக இறங்கியிருக்கும். அப்படிப்பட்ட படகைச் சாலையில் கொண்டுபோவது பெரும்பாடு. வருடம் முழுவதும் துறைமுகத்தில் கட்டிவைத்து வாடகை கொடுக்க வேண்டும். அதனால் அது பெரும்பாலும் வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்காகவே இருந்தது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இது மாறியது. நல்ல பிளைவுட்டும் தண்ணீரில் விடாத பசையும் சாதாரண மக்களுக்குக் கிடைத்தன. வீட்டுக்கு வீடு கார் வரத் தொடங்கியது. நியூசிலாந்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹார்ட்லி, 1950களில் சுமார் 16 அடி நீளமுள்ள ஒரு படகுக்கு வரைபடம் போட்டார். கீலுக்குப் பதிலாக மேலே தூக்கிக்கொள்ளக்கூடிய பலகை வைத்த படகு அது. வரைபடத்தை வாங்கி, வீட்டுக் கொட்டகையிலேயே படகு கட்டியவர்கள் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் ஏராளம். அதன் பெயர் 'டிஎஸ் 16'. டிஎஸ் என்றால் டிரெய்லர் செய்லர். பெயரிலேயே டிரெய்லர் இருப்பதைக் கவனியுங்கள்.

அமெரிக்காவில் 1969இல் ஃபிராங்க் பட்லர் வடிவமைத்த கேட்டலினா 22 என்ற படகு 15,000க்கும் மேல் கட்டப்பட்டது. கண்ணாடியிழையால் ஆனது, கீலை மடக்கித் தூக்கலாம், எடை ஏறத்தாழ 1,000 கிலோ. பின்னர் மேக்கிரகர் நிறுவனம் இன்னொரு வழியைப் பிரபலமாக்கியது. படகின் அடித்தொட்டியில் தண்ணீரை நிரப்பினால் அதுவே பாரம். கரையேறும்போது திறந்துவிட்டால் நூற்றுக்கணக்கான கிலோ குறைந்துவிடும். படகுக்காரர்கள் இத்தனை பாடுபட்டதும் இழுக்கும் வண்டியை மனதில் வைத்துத்தான்.

இனி, இணைக்கும் இடத்துக்கு வருவோம். காரின் பின்னால் ஓர் உருண்டை. டிரெய்லரின் மூக்கில் அதன்மேல் கவிழும் கிண்ணம். இதைத்தான் ஹிட்ச் என்கிறார்கள். நம் ஊர் வண்டிக்காரர்களுக்கு இதன் சூத்திரம் ஏற்கெனவே தெரியும். முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் அதிகமானால் நுகம் மேலே எழும்பி, பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால்தான் மூட்டையை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்த்துவிட்டுத்தான் மாட்டைப் பூட்டுவார்கள்.

டிரெய்லருக்கும் அதே பாடம். மொத்த எடையில் ஏறத்தாழ 10 விழுக்காடு உருண்டையின் மேல் இறங்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உள்ள வழக்கமான கணக்கு. பின்பாரம் மிஞ்சினால், வேகம் கூடும்போது டிரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கும். பிறகு கார் அதன் பின்னால் இழுபட்டுப் போகும்.

இப்போது தம்பிக்கு ஒரு கணக்கு. படகு 1,000 கிலோ. டிரெய்லர், மோட்டார், நங்கூரம், மற்ற சாமான் எல்லாம் 400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1,400. உருண்டையின் மேல் 140 கிலோ இறங்க வேண்டும். உன் காரின் கையேட்டில் இழுவை 1,500 கிலோ, உருண்டைப் பாரம் 75 கிலோ என்று இருந்தால்? முதல் எண்ணைப் பார்த்து மகிழ்ந்துபோகாதே. இரண்டாவது எண்ணில் அந்தக் கார் தோற்றுவிட்டது. சாமான்களைப் பின்னால் தள்ளி 75 கிலோவுக்குக் கொண்டுவரலாமே என்று தோன்றும். அது நாமே வலியப் பின்பாரம் ஏற்றுவதாகும். உயிருக்கே ஆபத்து.

உருண்டையின் அளவையும் பார். ஆஸ்திரேலியாவில் வழக்கமானது 50 மில்லிமீட்டர். அமெரிக்காவில் இரண்டு அங்குலம், அதாவது 50.8 மில்லிமீட்டர், அதைவிடச் சற்றுச் சிறியதும் உண்டு. பெரிய கிண்ணத்தைச் சிறிய உருண்டையில் மாட்டினால் பூட்டிக்கொண்டது போலத்தான் தெரியும். ஒரு பள்ளத்தில் குலுங்கியதும் கழன்றுவிடும். பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம் வேண்டும். 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்கு அங்கே தனி பிரேக்கும் கட்டாயம்.

படகை இறக்கும் சரிவில் பாசி படிந்திருக்கும். மேலே இழுக்கும்போது எடை பின்சக்கரங்களுக்குப் போவதால், முன்சக்கரத்தால் ஓடும் கார் வழுக்கும். அந்த இடத்தில் நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியே கைகொடுக்கும். இன்னொன்று: பாய்மரத்தை நிமிர்த்தும் முன்பும், நிமிர்த்திய படகை நகர்த்தும் முன்பும் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று பார். அலுமினியப் பாய்மரத்தில் மின்சாரம் பாயும்.

ஆகவே தம்பி, முதலில் படகைச் சாமான்களோடும் டிரெய்லரோடும் சேர்த்து எடைமேடையில் நிறுத்திப் பார். அந்தச் சீட்டையும் கார் கையேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படி. இரண்டு எண்களிலும் தேறும் வண்டியே உனக்கு ஏற்ற வண்டி. எடை எவ்வளவு வந்தது என்று கீழே எழுது. மற்ற பிள்ளைகள் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்