கீழ்ப்பாக்கம் என்ற வசைச்சொல்

சென்னைப் பேச்சில் கீழ்ப்பாக்கம் வெறும் ஊர்ப்பெயர் அல்ல. 1871இல் அங்கே மனநோய்க் காப்பகம் வந்தபின் காலப்போக்கில் அது வசைச்சொல்லும் ஆயிற்று. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கத்துப் பெற்றோர் அந்தப் பெயருக்கு அஞ்சிப் பிள்ளையை உளவியலாளரிடம் அழைத்துப்போகத் தயங்கினால், அறியாமை என்று சொல்லிவிடுகிறோம். நான் அதை ஏற்கவில்லை. அந்த அச்சத்துக்குச் சட்டமே உரம் போட்டது. 1912ஆம் ஆண்டின் பைத்தியச் சட்டம், பிறவியிலேயே அறிவு வளர்ச்சி குன்றியவரையும் இடையில் மனம் பேதலித்தவரையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தது. இரண்டையும் பிரித்தது 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம்தான். முக்கால் நூற்றாண்டு அரசே பிரித்துப் பார்க்காததைத் தாய் தகப்பன் பிரித்துப் பார்க்கவில்லை என்று குறை சொல்வது என்ன நியாயம்?

அந்தக் காலத்தில் கூட்டுக்குடும்பமே போதுமானதாக இருந்ததே என்பார்கள். பாட்டியின் மடி பெரிய ஆறுதல்தான், மறுக்கவில்லை. ஆனால் 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அதே பத்தாண்டில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் வந்தபோது, வெளியூர்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களில் பலருக்குப் பாட்டி ஊரிலேயே தங்கிவிட்டாள். காய்ச்சலுக்கும் கைக்காயத்துக்கும் தொழிலாளர் மருத்துவமனை இருந்தது. பேச்சு வராத பிள்ளைக்கு என்ன இருந்தது? பாட்டி உடனிருந்தாலும், பேச்சு தாமதிப்பது காது கேளாததாலா, ஆட்டிசத்தாலா என்று பிரித்தறிய அன்பு மட்டும் போதாது.

குழந்தை உளவியலாளரின் அறையில் நடப்பதைப் பார்த்தால் அச்சம் குறையும். செகுவின் பலகை என்பது பத்து வடிவக் குழிகள் கொண்ட மரப்பலகை. வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று கட்டைகளைப் பிள்ளை குழிகளில் பொருத்தும். எத்தனை நொடி ஆனது என்று குறித்துக்கொள்வார்கள். சமூக முதிர்ச்சியை அளக்கும் வைன்லாண்ட் அளவுகோலில் கேள்விகள் பெற்றோருக்குத்தான். ஏ. ஜே. மாலின் அதை இந்தியக் குழந்தைகளுக்கேற்ப மாற்றியமைத்தார். தானே சாப்பிடுகிறானா, பட்டன் போடுகிறானா என்று கேட்பார்கள். தாய்க்குத் தெரிந்ததையே சான்றாக எடுத்துக்கொள்ளும் முறை இது. குடும்பத்தை ஒதுக்கிவிட்டு இந்த வேலை நடக்காது.

தயக்கம் மாறாதது என்றும் நான் நம்பவில்லை. பூந்தமல்லியிலேயே அரசின் பார்வையற்றோர் பள்ளி பல பத்தாண்டுகளாக நடக்கிறது. வெளியூர்ப் பெற்றோரும் பிள்ளைகளை விடுதியில் சேர்க்கிறார்கள். பள்ளி என்ற பெயரோடு வாசல் திறந்திருந்தால் வருகிறார்கள். சட்டமும் மெதுவாகத்தான் மாறியது; மாற்றுத்திறனாளிகள் நலனுக்கான தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் இடம்பெற்றது 1999இல்தான். சட்டம் திருந்திவிட்டது, பேச்சு திருந்தவில்லை. பிள்ளைகள் காதுபட 'கீழ்ப்பாக்கம்' என்று திட்டுவதை இனியாவது விட்டுவிடுங்கள்.