இரட்டைக்கோடு: ஆட்டிசம், ஜீன், கொங்கு வம்சாவளி

மரபணுச் சோதனைக்கு ரத்தம் எடுக்கும் முன் ஒரு குடும்ப மரம் வரைகிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், மண உறவுக்கு ஒரு கோடு. மாமன் மகளையோ அத்தை மகளையோ கட்டியிருந்தால் இரட்டைக்கோடு. நாம் 'உரிமை' என்று சொல்லிவந்தது அந்தத் தாளில் எச்சரிக்கைக் குறியாகிவிடுகிறது. கோவையிலும் ஈரோட்டிலும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பெற்றோர் இன்று இந்தத் தாளின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். இதை வெறும் மருத்துவப் படிவமாக வாசித்துவிட முடியாது.

'யூஜெனிக்ஸ்' என்ற சொல்லைக் கால்ட்டன் உண்டாக்கியது 1883இல். அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் 1910இல் தொடங்கிய யூஜெனிக்ஸ் பதிவகம், களப்பணியாளர்களைப் பயிற்றுவித்து வீடுவீடாக அனுப்பி, 'மந்தபுத்தி'யையும் ஏழ்மையையும் சேர்த்தே இப்படிப்பட்ட மரங்களில் ஏற்றியது. கட்டாயக் கருத்தடைச் சட்டங்களுக்கு அவை சாட்சியாயின. ஆட்டிசத்தின் வரலாறும் இதற்கு வெளியே இல்லை. 1944இல் வியன்னாவில் இதைப் பற்றி எழுதிய அஸ்பெர்கர், குழந்தைகளைக் கொன்ற ஆம் ஸ்பீகல்குருண்ட் நிலையத்துக்குச் சிலரை அனுப்பியதை ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களோடு வெளிக்கொண்டுவந்தார்.

அதற்கு ஓராண்டு முன், 1943இல், 11 குழந்தைகளைப் பற்றிய கானரின் கட்டுரை வந்திருந்தது. அடுத்த கால் நூற்றாண்டில் பழி பெற்றோர்மீது, குறிப்பாகத் தாயின்மீது விழுந்தது. அவளுடைய 'குளிர்ந்த மனம்'தான் பிள்ளையை இப்படி ஆக்கியது என்ற சொல்லாடலை 1967இல் பெட்டல்ஹைம் தன் நூலின் மூலம் ஊரறியச் செய்தார். இதை உடைத்ததில் ஃபோல்ஸ்டைன், ரட்டர் இருவரும் 1977இல் வெளியிட்ட இரட்டையர் ஆய்வுக்குப் பெரும் பங்குண்டு. ஒரே கரு இரட்டையர் 11 ஜோடிகளில் நான்கில் இருவருக்குமே ஆட்டிசம் இருந்தது. இரு கரு இரட்டையர் 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. அன்று ஜீன் என்ற சொல் தாயை விடுவித்தது.

இங்கே வந்ததும் அதே சொல் அவளை மறுபடியும் கூண்டில் ஏற்றுகிறது. காங்கேயம், பல்லடம் பக்கத்துக் குடும்பங்களில் பேசும்போதெல்லாம் நான் கேட்ட முதல் வாக்கியம் இதுதான்: "எங்க கூட்டத்துல அப்பிடி ஒருத்தருமே இல்லீங்க. பொண்ணு வூட்டு வழியாத்தான் வந்திருக்கோணும்." அத்தை மகனைக் கட்டிய பெண்ணுக்கும் இதே தீர்ப்புதான். அவளுக்கும் அவள் புருஷனுக்கும் ஒரே தாத்தா பாட்டி என்பது யாருக்கும் உறைப்பதில்லை.

வெள்ளாளக் கவுண்டர்களின் கூட்டம் தகப்பன் வழியில் எண்ணப்படுவது. ஒரே கூட்டத்துக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. காணி, குலதெய்வக் கோயில், சீர், பட்டயம் எல்லாம் ஆண் வழியை நினைவில் வைப்பதற்கான ஏற்பாடுகள். 1960களில் காங்கேயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி ஆய்வு செய்த பிரெண்டா பெக், 1972இல் வெளியான தம் நூலில் இந்த உறவமைப்பை விரிவாக எழுதினார். மகளின் பிள்ளைகள் வேறு கூட்டம். இந்த வம்சாவளிப் பிரதியில் அவர்களுக்கு இடமில்லை.

ஃப்ரஜைல் எக்ஸ் என்ற நிலையை எடுத்துக்கொள்வோம். ஆட்டிசத்தோடு சேர்ந்துவரும் ஒற்றை ஜீன் காரணங்களில் நன்கு அறியப்பட்டது. அதன் ஜீன் 1991இல் கண்டறியப்பட்டது. வெளியே எந்தக் குறையும் தெரியாத தாத்தா, மாறிய ஜீனைத் தம் மகள்கள் எல்லோருக்கும் கொடுக்கிறார், மகன்களுக்குக் கொடுப்பதில்லை. மகள் வயிற்றில் அந்த மாற்றம் பெருகி, பேரனிடம் முழுதாக வெளிப்படலாம். அதாவது கூட்டத்தின் நினைவு எங்கே அறுபடுகிறதோ அந்த வழியாகத்தான் இது நடந்துபோகிறது. 'எங்க கூட்டத்துல இல்லை' என்பது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அது கொடுத்தது மகள்களிடம் போய்விட்டது.

இன்னொரு மௌனமும் உண்டு. "சின்னப் பாட்டனாரு ஒருத்தர் இருந்தாருங்க. பேச்சு வராது. மாடு கன்னுன்னா உசுரு. கலியாணம் பண்ணல." பிள்ளை இல்லாதவர் வம்சாவளியில் கிளை விடுவதில்லை, ஒரு தலைமுறையில் பெயரும் போய்விடுகிறது. அவருக்கு இன்றைய நோய்ப்பெயரைச் சூட்டும் உரிமை நமக்கில்லை. ஆனால் அவர் இருந்தார், உழைத்தார் என்பதை மருத்துவர் கேட்டபிறகே ஒரு குடும்பம் நினைவுகூர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.

சோதனை வேண்டாம் என்பதல்ல என் வாதம். காரணம் தெரிந்தால் வலிப்பு, சிறுநீரகம் என்று எதைக் கண்காணிப்பது என்பது சில குழந்தைகளுக்குத் தெளிவாகும். ஆனால் பலருக்கு விடை கிடைப்பதேயில்லை. சிலரிடம் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புது மாற்றம் தெரிகிறது. உறவுத் திருமணம் சில ஒடுங்கு ஜீன் கோளாறுகளின் வாய்ப்பைக் கூட்டும். ஆட்டிசத்தின் பெரும்பகுதியை அதைக்கொண்டு விளக்க முடியாது. விடை வந்தாலும் வராவிட்டாலும் குழந்தைக்குத் தேவையான பேச்சுப் பயிற்சி, பள்ளி இடம், தாய்க்கு ஓய்வு எதுவும் அந்தத் தாளிலிருந்து வரப்போவதில்லை.

பயப்பட வேண்டியது கல்யாணச் சந்தையைத்தான். கருவின் கோளாறுகளை அறிய 1970களில் இந்தியாவுக்கு வந்த பனிக்குடநீர்ச் சோதனை, பெண் சிசுவைக் கண்டுபிடித்து அழிக்கும் கருவியானது. 1994இல் அதற்கெதிராகச் சட்டம் போட வேண்டியிருந்தது. பெண்ணை ஒழித்த ஊர்கள் இன்று மணப்பெண் தேடிப் பாலக்காட்டுப் பக்கம் போகின்றன. ஜாதகக் கட்டோடு ஜீன் தாளும் கைமாறும் நாளில், ஆட்டிசம் உள்ள பிள்ளையின் அக்காவுக்கும் தங்கைக்கும்தான் முதலில் கதவு அடைபடும்.

இப்போது கூட்ட வரலாறுகள் அச்சுப் புத்தகங்களாக வருகின்றன. எழுதுகிறவர்கள் மகள்களின் பிள்ளைகளையும் பேச்சு வராத சின்னப் பாட்டனார்களையும் பெயரோடு சேர்க்கட்டும். குற்றவாளியைத் தேடும் கேள்வியை முதலில் நம் வீடுகளில் நிறுத்த வேண்டும். மருத்துவரின் தாளை அதற்குப் பிறகுதான் அச்சமில்லாமல் நிரப்ப முடியும்.