கார் சர்வீஸ்: எந்த எஞ்சினுக்கு எது, எப்போது?

குனோங் லேடாங் அடிவாரத்தில் இருக்கும் தங்காக் வட்டாரத்தில் கார் என்பது ஆடம்பரப் பொருள் அல்ல. சாகில் பக்கத் தோட்டங்களிலிருந்து பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டு வரவும், உடல்நலம் குன்றியவரை மூவார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும், வார இறுதியில் டவுனில் சாமான் வாங்கவும் அதுதான் துணை. பல வீடுகளில் இருப்பது ஒரே கார். பெரும்பாலும் பெரோடுவா அல்லது புரோட்டோன் சிறிய கார். அதுவும் பழைய காராக வாங்கியதாக இருக்கும். இரவு நேரத்தில் சிகாமட் சாலையில் அந்தக் கார் நின்றுவிட்டால் மறுநாள் வேலையும் நின்றுவிடும். நேரத்தோடு செய்யும் சர்வீஸ் அந்தச் சிக்கலைப் பெரும்பாலும் தவிர்த்துவிடும்.

ஆனால் எல்லாக் காருக்கும் ஒரே சர்வீஸ் பொருந்தாது. எஞ்சின் வகைக்கு ஏற்ப அது மாறுகிறது.

சாதாரண பெட்ரோல் எஞ்சின்

1994-இல் வந்த காஞ்சில், 2005-இல் வந்த மைவி, 2014-இல் வந்த அக்சியா ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. இவற்றுக்கு முதல் தேவை எஞ்சின் ஆயில், அதாவது நம்மவர்கள் சொல்லும் கருப்பெண்ணெய். செமி சிந்தெட்டிக் அல்லது முழு சிந்தெட்டிக் ஆயில் என்றால் பொதுவாக 10,000 கி.மீ. அல்லது 6 மாதம், இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். மினரல் ஆயில் என்றால் 5,000 கி.மீ.க்கு மேல் இழுக்கக் கூடாது. ஒவ்வொரு முறையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுவது நல்லது.

ஆயில் டின்னில் 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 என்று போட்டிருப்பார்கள். முதல் எண் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், இரண்டாம் எண் சூடான பிறகும் ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கும் என்பதைக் காட்டுகிறது. புதிய எஞ்சின்கள் மெல்லிய ஆயிலுக்காகவே செய்யப்பட்டவை. "கெட்டியான ஆயில்தான் நல்லது" என்ற பழைய எண்ணம் அவற்றுக்குப் பொருந்தாது. இன்னொன்று, மைவி, அக்சியா போன்ற கார்களுக்குச் சுமார் 3 லிட்டர் ஆயில் போதும். 4 லிட்டர் டின் வாங்கினால் மீதியைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். முழுவதையும் ஊற்றிவிடுவது எஞ்சினுக்குக் கெடுதல்.

பெல்ட்டா, செயினா?

பழைய கார் வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது. மைவி, அக்சியா, பெஸ்ஸா ஆகியவற்றில் டைமிங் செயின் உள்ளது. ஆயிலை ஒழுங்காக மாற்றினால் அது நீண்ட காலம் உழைக்கும். காஞ்சில், பழைய சாகா, கேம்ப்ரோ எஞ்சின் பொருத்திய சாகா ஆகியவற்றில் இருப்பது ரப்பர் டைமிங் பெல்ட். அதற்கு ஆயுள் உண்டு. கையேட்டில் குறித்த கிலோமீட்டரைத் தாண்டினால் எந்த அறிகுறியும் காட்டாமல் அறுந்துவிடலாம். பல எஞ்சின்களில் பெல்ட் அறுந்த நொடியில் பிஸ்டன் வால்வுகளில் மோதும், வால்வுகள் வளைந்துவிடும். சில நூறு ரிங்கிட்டில் முடிய வேண்டிய வேலை ஆயிரக்கணக்கில் போய் நிற்கும். முந்தைய உரிமையாளர் எப்போது பெல்ட் மாற்றினார் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்வது பாதுகாப்பு.

டர்போ எஞ்சின்

2021-இல் வந்த அத்திவாவில் 1.0 லிட்டர் டர்போ எஞ்சின் உள்ளது. டர்போ மிக வேகமாகச் சுழல்வதால் ஆயில் அதிகச் சூட்டைத் தாங்க வேண்டியிருக்கிறது. ஆகவே ஆயிலின் தரத்திலும் மாற்றும் தேதியிலும் சமரசம் கூடாது. நெடுஞ்சாலையில் வேகமாக வந்து தங்காக் டோல் அருகே நிறுத்தினால், உடனே எஞ்சினை அணைக்காமல் ஒரு நிமிடம் ஓட விடுவது நல்லது.

டீசல் எஞ்சின்

நம் நாட்டில் டீசல் சிறிய கார்கள் அரிது. தோட்டப்புறங்களில் ஹைலக்ஸ் போன்ற வண்டிகளே அதிகம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. ஆனால் டீசல் ஃபில்டரையும் அதில் தேங்கும் நீரையும் கவனிக்க வேண்டும். இங்கே விற்கப்படும் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசல் கலந்திருக்கிறது. பி10 என்றால் 10 விழுக்காடு. பயோடீசல் ஈரத்தை எளிதில் இழுக்கும். எனவே பல நாள் ஓட்டாமல் நிறுத்தி வைக்கும் வண்டிகளில் ஃபில்டரை நேரத்தோடு மாற்றுவது அவசியம்.

ஹைப்ரிட், மின்சாரக் கார்

2012-இல் வந்த ஹோண்டா ஜாஸ் ஹைப்ரிட் இப்போது பழைய கார் சந்தையில் கிடைக்கிறது. ஹைப்ரிட் காரிலும் பெட்ரோல் எஞ்சின் இருப்பதால் ஆயில் சர்வீஸ் வழக்கம்போல்தான். அதோடு, பெரிய பேட்டரிக்குக் காற்று போகும் துவாரத்தைச் சாமான்களால் அடைக்காமல் தூசு இல்லாமல் வைத்திருக்க வேண்டும். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது என்று சோதித்துப் பார்க்காமல் வாங்கக் கூடாது.

புரோட்டோன் இ.மாஸ் 5 போன்ற மின்சாரக் கார்களில் எஞ்சின் ஆயில், பிளக், டைமிங் பெல்ட் எதுவும் இல்லை. ஆனாலும் பிரேக் ஆயில், கூலன்ட், டயர், ஏர்கான் ஃபில்டர், 12 வோல்ட் பேட்டரி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்விரு வகைகளிலும் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் மின்சாரம் ஓடும். பயிற்சி பெறாத யாரும் அவற்றைத் தொடக் கூடாது.

எல்லாக் காருக்கும் பொதுவானவை

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் கலந்தால், மலைச் சரிவில் தொடர்ந்து பிரேக் பிடிக்கும்போது அது கொதித்து, பிரேக் மிதி தளர்ந்துபோகலாம். பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். ஆட்டோ கியர் காருக்கு அந்த வகைக்கு உரிய ஆயில் மட்டுமே ஊற்ற வேண்டும். சிவிடி கியரில் சாதாரண ஆட்டோ ஆயிலை ஊற்றினால் கியர்பாக்ஸ் கெட்டுவிடும். ரேடியேட்டருக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம், கூலன்ட் போதும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது.

டயரின் பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண் தயாரித்த காலத்தைச் சொல்லும். 2322 என்றால் 2022-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம்.

செம்மண் சாலையில் தினமும் ஓடும் காருக்கும், இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓடி நிற்கும் காருக்கும் கையேட்டில் "கடினப் பயன்பாடு" என்று தனி அட்டவணை இருக்கும். தோட்டத்துக் கார்கள் பலவும் இதில்தான் அடங்கும். குறிப்பாக, ஏர் ஃபில்டர் டவுன் காரைவிட இங்கே சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

ரசீதும் உரிமையும்

புதிய பெரோடுவா காருக்கு 5 ஆண்டு அல்லது 150,000 கி.மீ. உத்தரவாதம் உண்டு. குறித்த தேதியில் சர்வீஸ் செய்யாவிட்டால் அந்த உரிமை கையைவிட்டுப் போகலாம். உத்தரவாதம் முடிந்த காரை நம்பிக்கையான ஃபோர்மனிடம் கொடுக்கலாம். ஆனால் வேலை தொடங்கும் முன் செலவைக் கேட்டுக்கொள்வதும், மாற்றிய பழைய பாகத்தைக் காட்டச் சொல்வதும், கிலோமீட்டர் எழுதிய ரசீதை வாங்குவதும் அவசியம். தகராறு என்றால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட். வழக்கறிஞர் தேவையில்லை, ரசீதுதான் தேவை.

வீட்டிலேயே ஆயில் மாற்றுபவர்கள் பழைய ஆயிலைக் கால்வாயிலோ செம்பனை அடியிலோ ஊற்றக் கூடாது. சட்டப்படி அது எஸ்டபிள்யூ 305 என்ற குறியீடு கொண்ட அபாயக் கழிவு. மூடியுள்ள டின்னில் சேர்த்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் பட்டறையில் கொடுத்துவிட வேண்டும்.